பங்காருபேட்டை அக்காவின் சீட்டை நான் பிரபலமாக்கிய கதை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. என் வீடியோ சேனலை முப்பத்தேழு பேர் மட்டும் பின்தொடர்ந்த நாட்களில் நான் ஆட்டோகிராப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். வேலை செய்யும் இடத்தில், சரக்கு இறக்கிய சலான்களின் பின்பக்கத்தில். என்னுடைய வழக்கமான கையெழுத்து பேங்க்காரர்களுக்கே பிடிக்காது. ஒரு முறைக்கு ஒரு முறை வேறு மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் போய் ரசிகர்களுக்குக் கொடுப்பதா என்று தோன்றியது. எனவே முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் எங்கள் ஊர்ச் சுரங்க ஷாஃப்ட்டுக்கு மேலே நிற்கும் சக்கரம் மாதிரி ஒரு வட்டம் போட்டேன். அந்த முப்பத்தேழு பேரில் பத்தொன்பது பேர் என் மனைவியின் சொந்தக்காரர்கள். நாலு பேர் நானே, வேறு வேறு பெயர்களில்.

நான் இருப்பது மைசூர் மைன்ஸில். வேலை பெங்களூரில், மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் ஸ்டோர் ரூமில். தங்கச் சுரங்கத்தை மூடினார்களே தவிர எங்கள் ஊரில் ஷிஃப்ட் மூடவில்லை. அப்போது கீழே இறங்கினார்கள், இப்போது மேற்கே போகிறோம். விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஏறி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போய், இருட்டிய பிறகு அதே மாதிரி திரும்பி வருவது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு இரண்டு கதிதான் உண்டு. ஒன்று சீட்டாட்டம், இன்னொன்று எழுத்து. எனக்குச் சீட்டாட்டத்தில் ராசி இல்லை.

ஆக, முதலில் ஒரு பிளாக் தொடங்கினேன். முதல் கட்டுரை, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிக் குவித்த எங்கள் ஊர் சயனைடு மண்மேடுகளைப் பற்றி. செல்போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி மூன்று நாள் எழுதினேன். காற்றடித்தால் அந்த மண் எப்படிப் பறந்து வந்து கொடியில் காயும் வேட்டியில் உட்காரும் என்பதில் தொடங்கி மனித வாழ்வின் நிலையாமையில் கொண்டுபோய் முடித்திருந்தேன். ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. முடி வளரும் தைலம் விற்கிற ஒருவர், ‘மிக அருமையான தகவல் நண்பரே, தொடருங்கள்’ என்று எழுதியிருந்தார். நெஞ்சு நிறைந்துபோய், அவருக்கு நன்றி சொல்லி, கட்டுரையைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக ஒரு பதில் எழுதினேன். மறுநாள் பார்த்தால் அதே வாக்கியத்தை ஒரு அம்மாளின் மீன் குழம்பு பிளாக்கிலும் அவர் எழுதியிருந்தார். அந்த அம்மாள் புத்திசாலி, பதில் போடவில்லை.

வீட்டில் என் மனைவி ஜாக்கெட் தைப்பவள். மிஷினை நிறுத்தாமலே கட்டுரையைப் படித்தாள். எப்படி என்று கேட்டேன்.

“நல்லா நீளமா கீதுங்க” என்றாள்.

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு இன்னும் பதினோரு கட்டுரை எழுதினேன். படிப்பவர் எண்ணிக்கையைக் காட்டும் இடத்தில் நாளுக்கு ஒன்று, இரண்டு என்றுதான் இருந்தது. அந்த ஒன்றும் நான்தான், எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்க்கப் போனவன்.

எழுத்தைவிட முகம் விலைபோகும் என்று யாரோ சொன்னதை நம்பி வீடியோவுக்கு மாறினேன். சொன்னவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. முதல் வீடியோவில் மூடிக் கிடக்கும் ஷாஃப்ட் ஒன்றின் முன்னால் நின்று ஏழு நிமிடம் பேசினேன். ஏழு நிமிடமும் மைக்கின் ஓட்டையை என் சுண்டுவிரல் மூடியிருந்தது. இரண்டாவதில் குரல் கேட்டது, அதுதான் பிரச்சினையாகிவிட்டது. ‘இன்னா’ என்று நான் சொன்னதை மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் கிண்டல் செய்தார். ரோஷப்பட்டு, மூன்றாவதில் இலக்கணத் தமிழில் பேசினேன். ‘இதோ நாம் காண்பது யாதெனில்’ என்று தொடங்கினேன். அடுத்த அறையில் இருந்த மனைவி ரேடியோவை யார் போட்டது என்று வந்து பார்த்தாள். கன்னடத்தில் ஒன்று போட்டேன். அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்கள் மிகுந்த பெருந்தன்மையோடு, தமிழிலேயே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

எதைப் போட்டாலும் கீழே வந்த கேள்வி ஒன்றுதான். தங்கம் எங்கே? அண்ணா, இன்னும் தோண்டினால் கிடைக்குமா? எந்த இடம், லொகேஷன் அனுப்புங்கள். தங்கம் இருக்கும் இடம் தெரிந்தவன் எதற்கு விடியற்காலையில் எழுந்து ஸ்டோர் ரூமுக்கு ஓடுகிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அதற்குள் வியூஸ் ஜுரம் பிடித்துவிட்டிருந்தது. வெற்றி பெற்றவர்கள் சொல்லும் குறிப்புகளையெல்லாம் பார்த்தேன். முகப்புப் படத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டும். சிவப்பில் ஒரு அம்பு இருக்க வேண்டும். நிலைக்கண்ணாடி முன் வாயைப் பிளந்து நின்று பழகினேன். மனைவி எட்டிப் பார்த்து, பல்வலி என்றால் கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னாள். எல்லாவற்றிலும் முக்கியமான குறிப்பு, வீடியோ ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. மிச்சத்தை வெட்டு. சந்தேகம் வந்தாலும் வெட்டு. இந்தக் குறிப்பை மட்டும் நான் சரியாகக் கடைப்பிடித்தேன். அதுதான் வினை.

இங்கே எங்கள் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரிகுப்பத்தில் கிளம்பும்போது பெட்டிகள் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். பங்காருபேட்டை வந்தால் நிற்கவே இடம் இருக்காது. அங்கே ஏறுகிறவர்கள் பெங்களூர் வரை ஒன்றரை மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவன் தன் சீட்டோடு இன்னொருவருக்கும் ஒரு சீட் பிடித்து வைப்பான். துண்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பை, மடித்த பேப்பர், ஏதாவது ஒன்று அங்கே உட்கார்ந்து வரும். யார் பொருள் யாருக்கு என்பது பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். என் எதிர் பெஞ்சில் வரும் அண்ணன் ஒருவர், சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து, மூடிய பிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாகப் போகிறவர். அவர் இந்த வழக்கத்துக்குச் சரித்திரமே வைத்திருந்தார். சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு இடம் உண்டாம். ஒருவன் ஒரு நாள் லீவு என்றால் அவன் நிற்கும் இடம் காலியாகவே கீழே போய்க் காலியாகவே மேலே வருமாம். உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னால் எதிர்த்துக் கேட்க மாட்டோம்.

அந்த அண்ணன் தினமும் தன் காக்கிப் பையைப் பக்கத்தில் வைத்து ஒரு சீட் பிடிப்பார். அது பங்காருபேட்டையில் ஏறும் ஒரு அக்காவுக்கு. பிறந்தது எங்கள் ஆண்டர்சன்பேட்டை, கட்டிக்கொடுத்தது பங்காருபேட்டை. பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை. வலது முட்டியில் தேய்மானம். ரயிலிலும் நின்றுகொண்டே போனால் மத்தியானத்துக்குள் முட்டி பன் மாதிரி வீங்கிவிடும். வீங்கினால் ஸ்டூலைத் தேடி உட்கார வேண்டிவரும். ஆயா உட்கார்ந்திருப்பதைச் சூப்பர்வைசர் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்துவிட்டார். மூன்றாவது முறை பார்த்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியும்விட்டார். கணவர் இல்லாத வீடு. அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

“இந்த ஒன்ற மணி நேரந்தான் என் காலு என்னுது” என்பார் அக்கா, காலை நீட்டிக்கொண்டு. “மிச்ச நேரமெல்லாம் அது ஆஸ்பத்திரியுது.”

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆறு வருடமாக எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தவன் நான். இது தெரியாத ஒருவன் அந்த வீடியோவை எடுத்திருந்தால் அவனை மன்னிக்கலாம்.

ஒரு நாள் காலை செல்போனை நீட்டிக்கொண்டு பெட்டி முழுக்க நடந்தேன். ஜன்னலோரம் சாய்ந்து வரும் பாட்டில், அதன் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் துண்டு, தனியாக ஒரு பெஞ்சில் பயணம் செய்யும் ஒற்றைச் செருப்பு. செருப்புக்கு டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே நான் நன்றாகத்தான் செய்கிறேன் என்று தோன்றியது. பங்காருபேட்டை வந்தது. கூட்டம் ஏறியது. அண்ணன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள, அக்கா வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வாலிபர், பெரிய மூட்டை முடிச்சோடு, அந்தச் சீட்டையே பார்த்தபடி நின்றிருந்தார். நான் அவரையும் படத்தில் வரும்படி பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“இன்னாக்கா, சீட்ட ரயில்வேல எழுதி வாங்கிட்டீங்களா?”

அக்கா என் தமாஷுக்குத் தமாஷாகவே பதில் சொன்னார். “எங்கப்பன் ஊட்டு சீட்டுப்பா இது. வேணும்னா என் முட்டிய நீ எடுத்துக்க, சீட்ட உனுக்குத் தரேன்.”

பெட்டியே சிரித்தது. அந்த வாலிபரும் சிரித்தார். மூட்டையை மேலே வைக்க அண்ணன் அவருக்கு இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தார். அதெல்லாம் படத்தில் இருந்தது.

ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து வெட்டினேன். ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு விநாடி அதிகமாக இருந்தது. முட்டியை வெட்டினேன். அந்த வாலிபரின் சிரிப்பை வெட்டினேன். மூட்டைக்கு இடம் ஒதுக்கியதை வெட்டினேன். ஒருவர் பாவமாக நிற்க, ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து ‘எங்கப்பன் ஊட்டு சீட்டுப்பா இது’ என்று சிரிப்பதோடு வீடியோ கச்சிதமாக முடிந்தது. முகப்புப் படத்தில் என் பிளந்த வாய். அக்காவின் தலைக்கு மேலே சிவப்பு அம்பு.

மத்தியானம் டீ குடிக்கப் போகும்போது நூறு பேர் பார்த்திருந்தார்கள். டீ குடித்து முடிக்கும்போது ஆயிரம். சாயங்கால ரயிலில் என் செல்போன் வண்டு மாதிரி மடியில் ரீங்காரமிட்டுக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் மிஷினை நிறுத்தினாள். எனக்காக அவள் மிஷினை நிறுத்தியது அதுதான் முதல் முறை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

“அந்தம்மா முட்டி சங்கதி ஏதோ சொன்னாங்கன்னு காலைல போன்ல சொன்னீங்களே, அது எங்க?” என்றாள்.

அது நீளமாகிவிட்டது என்றேன். அவள் மறுபடி மிஷினை மிதித்தாள். பன்னிரண்டு கட்டுரைகளை நீளம் என்று சொன்னவள் இப்போது நீளத்தைக் கேட்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மூன்றே நாளில் லட்சக்கணக்கில் போய்விட்டது. கருத்துகளைப் படிக்கப் படிக்கத்தான் சிரிப்பு குறைந்தது. சீசன் பாஸ்காரர்களின் ரவுடித்தனம் என்றார்கள். இந்தப் பொம்பளைக்கு என்ன திமிர் என்று மூன்று மொழிகளில் எழுதினார்கள். மூன்றும் எனக்குப் படிக்க வரும் என்பது அன்றைக்குத்தான் பாரமாக இருந்தது. யாரோ அதை ரயில்வேக்காரர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மறு வாரம் மாரிகுப்பத்தில் இரண்டு காக்கிச் சட்டைகள் ஏறி, ஆளில்லாத சீட்டில் இருந்த துண்டு, பாட்டில், பை அத்தனையையும் மேலே தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். வருகிறவர் உட்காரலாம், பிடித்து வைக்கக் கூடாது. சட்டப்படி சரிதான். அந்தச் சட்டம் எல்லாக் காலத்திலும் இருந்தது. அதைத் தட்டி எழுப்பியது நான்.

அன்றைக்குப் பங்காருபேட்டையில் அக்கா ஏறினார். அவர் சீட்டில் முன் ஸ்டேஷனில் ஏறிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை லேசாகத் தூக்கி இடது காலில் நின்றார். கூட்டத்தில் யாரோ ஒருவன், “இன்னாக்கா, அப்பன் ஊட்டு சீட்டு போச்சா?” என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எனக்கு அன்று சீட் இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. எழுந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், இவன்தான் அவன் என்பார்கள் என்று குனிந்துகொண்டேன். முகத்தை லட்சம் பேருக்குக் காட்டியவனுக்கு எழுபது பேருக்குக் காட்ட வெட்கம். பெங்களூர் வரும் வரை செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து கடைசிப் பெட்டியில் ஏறத் தொடங்கினேன். எங்கள் வழக்கமான முன் பெட்டிக் கூட்டம் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தது என்பது ஒரு காரணம். அதை நான் வீட்டில் பெரிதாகச் சொன்னேன். மற்றக் காரணத்தைச் சொல்லவில்லை.

கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பரிகாரம் தேடினேன். இணையத்தில் செய்த பாவத்துக்கு இணையத்திலேயே பரிகாரம் என்பது என் சித்தாந்தம். முதலில் வீடியோவை அழித்தேன். அதற்குள் அதை எடுத்து வேறு பத்துப் பேர் போட்டிருந்தார்கள். ஒருவர் பின்னணியில் மேளம்கூடச் சேர்த்திருந்தார். பிறகு ஒரு மன்னிப்பு வீடியோ எடுத்தேன். சோகமான வீணை இசை. நாலாவது தடவைதான் கண்ணீர் சரியாக வந்தது. முதல் மூன்றில் வந்தது தும்மல். முட்டியைப் பற்றி, ஸ்டூலைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி, அக்கா யார் என்று தெரியாதபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு நிமிடம். எதையும் வெட்டவில்லை. அதைப் பார்த்தவர்கள் இருபத்தாறு பேர். அதில் ஒருவர் கேட்டிருந்தார்: அண்ணா, தங்கம் இன்னும் கிடைக்குமா?

அடுத்து, பங்காருபேட்டையில் ஏறும் பெண்களுக்குத் தனியாக ஒரு பெட்டி கேட்டு ஒரு இணைய மனு. அதற்கு வாசகம் எழுதவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ‘உரிமை’ என்று போடுவதா, ‘வேண்டுகோள்’ என்று போடுவதா என்று மாலூர் ஸ்டேஷன் வரை யோசித்து, ‘உரிமைமிகு வேண்டுகோள்’ என்று போட்டேன். எனக்கே பிடித்திருந்தது.

இப்படி மூன்று வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் அண்ணன் நின்றிருந்தார். திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். அதற்குள் கடைக்காரரிடம் எனக்கும் ஒன்று சொல்லிவிட்டார். ஓசி டீயை மறுக்கும் அளவுக்கு என் குற்ற உணர்ச்சி இன்னும் வளரவில்லை.

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முதல் மூன்று நாள் நின்றுகொண்டே போனதில் முட்டி வீங்கி இரண்டு நாள் லீவு போட்டார் என்றார். சூப்பர்வைசர் செல்போனில் அந்த வீடியோவைக் காட்டி, இங்கேயும் உங்கப்பன் வீட்டுச் சீட்தானா என்று கேட்டிருக்கிறார். இன்னொரு லீவு எடுத்தால் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்று கேட்டேன்.

“அதுக்கப்புறம் நாந்தான் எழுந்து நிக்கிறன். அந்தப் பொண்ணு உக்காந்துகினு வருது” என்றார் அண்ணன். “பைய வெச்சா தப்பு. நான் உக்காந்துகினு வந்து எழுந்துகினா எந்தச் சட்டத்துல தப்பு?”

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலைக்குப் போன பிறகும் அபார்ட்மெண்ட் கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் அவருக்கு நாற்காலி கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்ல வேலை செய்தீர்கள் அண்ணே, நானும் சும்மா இல்லை என்று ஆரம்பித்து, மனுவைப் பற்றி விளக்கினேன். செல்போனை எடுத்து வாசித்தே காட்டினேன். ‘உரிமைமிகு வேண்டுகோள்’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழமையிலருந்து எனக்கு நைட் ஷிஃப்ட்டுப்பா” என்றார். “இந்த வண்டிக்கு வர மாட்டன்.”

அதையும் மனுவில் சேர்த்துவிடலாமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

“கடேசிப் பொட்டில உனுக்கு தெனம் சீட்டு கெடைக்குதா?” என்று கேட்டார்.

கிடைக்கிறது அண்ணே, இங்கே ஏறும்போது பெட்டியே காலிதான், பங்காருபேட்டை வரை காலை நீட்டிக்கொண்டே போகிறேன் என்றேன். அவர் கிளாஸைப் பலகையில் வைத்தார். இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு முன் பெட்டியைப் பார்த்து நடந்தார். நான் கடைசிப் பெட்டிக்குப் போய் உட்கார்ந்து, மனுவில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். வண்டி பங்காருபேட்டையை நெருங்கும்போதுதான் சீட்டு கிடைக்கிறதா என்ற அந்தக் கேள்வி, திங்கட்கிழமை அக்காவுக்காக யார் எழுந்து நிற்பது என்பதாக எனக்குள் இறங்கி முடித்தது. வாழ்க்கையில் எனக்கு எதுவும் அதற்கு முந்திய ஸ்டேஷனில் புரிந்ததில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எழுந்து நிற்பதற்கு ஒத்திகை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எழுந்து நின்று சொல்ல வேண்டியதற்குத்தான் ஒத்திகை. ‘அக்கா, அன்று நான் வெட்டியது வீடியோவை அல்ல’ என்று தொடங்கி, பத்தி பத்தியாகப் போகும். ஞாயிறு ராத்திரி அதை மனைவிக்குச் சொல்லிக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள். இதையெல்லாம் அந்தம்மா நின்றுகொண்டு கேட்க வேண்டுமா, உட்கார்ந்துகொண்டா என்று கேட்டாள். உட்கார்ந்துகொண்டுதான் என்றேன். அப்படியானால் பரவாயில்லை என்றாள்.

திங்கட்கிழமை முன் பெட்டியில் ஏறினேன். பழைய ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் என் கையில் செல்போன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். அதை டிபன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அண்ணன் வழக்கமாக உட்காரும் ஜன்னலுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தேன். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். நான் சட்டப்படி உட்கார்ந்திருந்தேன்.

பங்காருபேட்டையில் கூட்டம் தள்ளியபடி ஏறியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, கழுத்தை நீட்டி அண்ணனைத் தேடினார். அண்ணன் சொல்லியிருப்பார் போலும், அதிகம் தேடவில்லை. இடது காலில் நிற்கத் தயாராகிவிட்டார். நான் எழுந்தேன். அக்கா என்றேன். கூட்டத்தின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னேன். அவர் சீட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, காலை மெல்ல நீட்டி, முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பிய குலுக்கலில் கூட்டம் என்னை இரண்டு பெஞ்சுக்கும் நடுவே தள்ளி, ஜன்னலோடு கொண்டுபோய் அப்பியது.

உடனே ஆரம்பிப்பது மரியாதை இல்லை என்று பொறுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் அக்காவோடு கறிவேப்பிலை விலை பேசினாள். பேசி முடிக்கட்டும் என்று பொறுத்தேன். என் காலில் ஒருவர் பை, முதுகில் ஒருவர் முழங்கை. நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று ஆறு வருடமாக எனக்குத் தெரியாமலே போயிருந்தது. மாலூர் தாண்டியதும் பேச்சு அடங்கியது. அக்கா கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்துகொண்டார். இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன்.

“அக்கா, அன்னிக்கு அந்த வீடியோவுல நான்...”

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“தள்ளி நில்லுப்பா, காத்து வர்ல.”